முகாமிலிருந்து வன்னிக்கு: எந்த ஊரில் போய் இருப்பது?

திருவண்ணாமலைப் பக்கத்து முகாமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 1990இல் தாயின் இடுப்பில் இருந்தபடி படகேறியவர். கணவரும் அப்படித்தான். கணவருக்குப் பெயின்ற் வேலை, இவருக்குத் தையல். மூத்த மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இருவரும் தமிழகத்திலேயே பிறந்தவர்கள். மாமா (கணவரின் அப்பா) முகாமில் காலமாகிவிட்டார், மாமி கூடவே இருக்கிறார். மாமாவின் பெயரில் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இரண்டு ஏக்கர் பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) உண்டு, இப்போது பற்றை மூடிக் கிடக்கிறதாம். வவுனியாவில் இருக்கும் சித்தி "என்னட்டை வா" என்கிறார். கிளிநொச்சிதான் வளரும் ஊர் என்று வேறொருவர் சொல்லியிருக்கிறார். "மூன்றில் எங்கே போய் இருப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். நீங்கள் உண்மையில் கேட்பது, காணியை நம்பி வருவதா, பிள்ளைகளின் படிப்பை நம்பி வருவதா என்பதைத்தான். இது சொந்த நாடு என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் பள்ளிக்கூடம், கந்தோர், தண்ணீர், பஸ் என்று வரும்போது உங்கள் நாலு பேருக்கும் இது புது நாடுதான். அப்படி வைத்தே பதில் எழுதுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் காணிக் கிளை வேலையில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தியாவிலிருந்து திரும்பியவர்களின் கோவைகள் நிறைய என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. காணி விஷயத்தில் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். சட்டத்தரணி இல்லை என்பதால், வழக்கு என்று வந்தால் என் சொல் போதாது. படிப்பு, தண்ணீர் பற்றிச் சொல்வது இங்கே குடும்பம் நடத்திப் பார்த்த அறிவு. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வந்த உடனே ஒட்டுசுட்டான் காணியில் கொட்டில் போட வேண்டாம். வவுனியாவில் நிரந்தரமாகத் தங்கவும் வேண்டாம். மாங்குளத்தில், ஏ9 வீதியை ஒட்டி, ஒரு வருடம் வாடகைக்கு இருந்துகொண்டு காணியை மீட்கிற வேலையைத் தொடங்குங்கள். இருப்பிடம் ஒரு முடிவு, காணி இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகக் கட்டியவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

ஊரைத் தெரிவதற்கு முதல் கடதாசி வேலை இருக்கிறது, அதைச் சென்னையிலேயே முடியுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பெற்றோர் இலங்கையர் என்பதற்காகத் தானாகவே இலங்கைப் பிரஜை ஆகிவிடாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின் கீழ் பதிய வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவதுதான் முறை, பிந்தினாலும் வழி உண்டு. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவையும் பிரஜாவுரிமைப் பதிவையும் செய்துகொண்டு வந்தால், இங்கே குடிவரவுத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லைக்கு அலைகிற செலவு மிஞ்சும். முகாமில் தாலி கட்டியதோடு நின்ற கல்யாணங்கள் நிறைய. உங்களுடையதும் பதியாமல் இருந்தால் அதை முதலில் பதியுங்கள், பிள்ளைகளின் பதிவுக்கு அதைக் கேட்பார்கள். இது இல்லாமலும் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்துவிடலாம். ஆனால் மகளுக்குத் தேசிய அடையாள அட்டை எடுக்கும் வயது வரும்போது இடறும், சாதாரண தரப் பரீட்சைக்கு அது வேண்டும். மாமாவின் மரணச் சான்றிதழின் மூலப்பிரதியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். வருவது விமானத்தில், வெளியேறும் அனுமதியோடும் பயணப் பத்திரத்தோடும் இருக்கட்டும். படகில் வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காது கொடுக்க வேண்டாம்.

இனிக் காணி. மாமாவின் பெர்மிட், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்ததாக இருக்க வேண்டும். இது உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணி மாதிரி இல்லை. நினைத்தபடி விற்கவோ துண்டாடவோ முடியாது, எதற்கும் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பெர்மிட்காரர் இறந்தால் உரிமை முதலில் கணவனுக்கு அல்லது மனைவிக்கு, அதாவது உங்கள் மாமிக்கு. ஆகவே மாமி உங்களோடு வருவது உறவுக்கு மட்டுமல்ல, காணிக்கும் முக்கியம். அவருக்குப் பிறகு யார் என்பது, மாமா உயிரோடு இருக்கும்போது பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்திருந்தாரா என்பதில் இருக்கிறது. பதிந்திருந்தால் அந்தப் பெயருக்குப் போகும். பதியாவிட்டால் சட்டத்தின் வரிசைப்படி போகும். மகனுக்கே முதலிடம் என்றிருந்த அந்த வரிசையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றி, ஆண் பெண் பாராமல் மூத்த பிள்ளை என்று ஆக்கியிருக்கிறது. கணவரின் மூத்த சகோதரர் பிரான்சில் இருக்கிறார் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், அந்த வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அவர் அங்கே பிரஜையாகியும் இருந்தால் சிக்கல் இன்னொரு முடிச்சுப் போடும். அவரோடு இப்போதே மனம்விட்டுக் கதையுங்கள். இது தெளிவாகும் வரை உங்கள் சேமிப்பில் ஒரு கல்லைக்கூட அந்த வளவில் வைக்க வேண்டாம். நல்ல குடும்பங்கள் வீடு கட்டிய பிறகு பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்ததைக் கண்டிருக்கிறேன்.

பெர்மிட் துண்டு தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பிரதேச செயலகத்தில் காணிப் பதிவேடு இருக்கும். இடப்பெயர்வுகளில் சில பதிவேடுகள் அழிந்தது உண்மை. அப்படியானால் அயல் காணிக்காரரின் வாக்குமூலம், பழைய குடும்ப அட்டை, அந்தக் காலத்து வாக்காளர் பதிவு, வளவில் நிற்கும் கிணற்றுக்கட்டு, தென்னை, அத்திவாரம் எல்லாம் சாட்சியாகும். இவற்றை வைத்துக் காணிக் கச்சேரியில், அதாவது காணி விசாரணையில், உரிமை நிறுவியவர்கள் பலர்.

ஆனால் பற்றையை வெட்டுவதில் அவசரம் கூடாது. முப்பது வருடம் ஆளில்லாமல் கிடந்த எத்தனையோ குடிமனைக் காணிகளைப் போருக்குப் பிறகு வனவளத் திணைக்களம் காடு என்று எல்லை போட்டுவிட்டது. உங்கள் காணி அந்த எல்லைக்குள் விழுந்ததா என்பதை இடத்தைப் பார்த்தால்தான் சொல்லலாம். விதானையாரைக் (கிராம அலுவலரை) கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் ஜே.சி.பி. இறக்கினால், சொந்தக் காணிக்குள் நின்றே காடழித்த வழக்கில் மாட்டுப்படலாம். மிதிவெடி இன்னொன்று. இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028க்குள் நாட்டைத் துப்புரவாக்க வேண்டும் என்பது அதன் கடப்பாடு. பெரும்பாலான குடிமனைகள் துப்புரவாகிவிட்டன, ஆனால் ஆள் கால் வைக்காத பற்றைக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது. கிளிநொச்சியில் கண்ணிவெடி நடவடிக்கைக்கான பிராந்தியக் கந்தோர் இருக்கிறது. அந்தக் காணி எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதுவரை அங்கே குப்பை கொளுத்தவும் வேண்டாம், மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டிலேயே வெடிக்கலாம். மகனைக் கூட்டிக்கொண்டு போய் "இதுதான் அப்பப்பாவின் வளவு" என்று காட்ட ஆசை இருக்கும். அந்தக் கடதாசி கையில் வந்தபிறகு காட்டுங்கள்.

பிள்ளைகளின் படிப்பில் நேரம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. எட்டாம் வகுப்பு மகளுக்கு இங்கே பதினொராம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சை. பத்தாம் தரத்திலேயே அந்தப் பாடத்திட்டம் தொடங்கிவிடும், ஆகவே ஒன்பதாம் தரத்தைத் தாண்டி வந்து சேர்ந்தால் பிள்ளை மூச்சுத் திணறும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சமாளிப்பார்கள், சில வேளை முன்னுக்கும் நிற்பார்கள். இடறுவது வேறு பாடங்களில். இங்கே சமயம் ஒரு கட்டாயப் பாடம், பரீட்சையிலும் எழுத வேண்டியது. வரலாறும் கட்டாயம், அது அநுராதபுரத்தில் தொடங்கி இலங்கையைச் சுற்றியே போகும். இரண்டாம் மொழியாகச் சிங்களம் வேறு. மகளுக்கு இந்த மூன்றின் ஆறு, ஏழு, எட்டாம் தரப் புத்தகங்களை வரும் முன்பே தேடிக் கொடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் இலவசமாக இருக்கின்றன. மகனுக்கு ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை வரும். அதற்காக அவனைப் போட்டு வருத்த வேண்டாம், புது நாட்டில் முதல் இரண்டு வருடம் பிள்ளை சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாலே போதும்.

உயர்தரத்தையும், அதாவது சாதாரண தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்காகப் படிப்பதையும், இப்போதே யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஊரைத் தெரிவதே அதில்தான் தங்கியிருக்கிறது. எல்லாப் பாடசாலையிலும் கணித, விஞ்ஞானப் பிரிவு இல்லை, 1ஏபி தரப் பாடசாலையில்தான் இருக்கும். தரம் இருந்தும் ஆசிரியர் இல்லாமல் இருப்பது வன்னியின் பழைய நோய். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் இப்போது யார் படிப்பிக்கிறார், போன வருடம் அந்தப் பிரிவில் எத்தனை பிள்ளை பரீட்சை எழுதியது என்று அதிபரிடமே கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒதுக்குகிறார்கள். வன்னியின் நாலு மாவட்டமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. எந்த மாவட்டம் என்பதைப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் படித்த பாடசாலை தீர்மானிக்கும். இதை மட்டும் வைத்து ஊரைத் தெரிய வேண்டாம், ஆனால் இடையில் மாவட்டம் மாறி மாறிப் படிப்பித்தால் பிள்ளைக்கு நட்டம் வரலாம் என்பதை மனதில் வையுங்கள். உயர்தரம் வேண்டாம் என்று பிள்ளை சொன்னாலும் வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. உயர்தரம் படித்துத் தெரிவானால் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களும் அங்கேதான். வவுனியா வளாகமும் 2021 ஓகஸ்ட்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம்.

தண்ணீரைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வன்னியில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான் பெருமழை. தைக்குப் பிறகு வந்து வீடு பார்த்தால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். ஆவணி, புரட்டாதியில் எட்டிப் பார்த்தால்தான் அந்தக் கிணற்றின் குணம் தெரியும். வீடு பார்க்கப் போனால் குசினிக்குள் போய்க் கேத்திலின் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளைப் படை தடிப்பாகப் பிடித்திருந்தால் கடின நீர். பிறகு பக்கத்து வீட்டு அம்மாவிடம், ஆவணியில் குடிக்கத் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். "இந்தக் கிணறுதான்" என்றால் நல்லது. "பவுசர் (தண்ணீர் லொறி) வரும்" என்றோ "போத்தில் தண்ணி வாங்குறம்" என்றோ சொன்னால் அந்தச் செலவை வாடகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் முல்லைத்தீவின் தெற்கு எல்லையிலும் காரணம் அறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. தண்ணீரின் கடினமும் புளோரைட்டும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள், இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. நான் செய்யச் சொல்வது, குடியிருக்கப் போகும் கிணற்றின் தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கொடுத்துப் பரிசோதிப்பது. மாமிக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்காகவாவது இதைத் தள்ளிப்போட வேண்டாம். வெள்ளத்தையும் விசாரியுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எந்த வீட்டில் எந்த மட்டத்துக்கு நின்றது என்று கிளிநொச்சிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள்.

இப்போது மூன்று ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வவுனியா பெரிய பட்டணம். வேலை, மாவட்டப் பொது வைத்தியசாலை, ரியூசன், ரயில், கொழும்பு பஸ் எல்லாம் உண்டு. பெயின்ற் வேலைக்கு அங்கேதான் ஆளைத் தேடுவார்கள். வாடகையும் கூட. சித்தி வீட்டில் இரண்டு மூன்று கிழமை தங்கி இளைப்பாறுங்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு வருடம் இருந்தால் நல்ல உறவும் கசக்கும். அதைவிட, அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்குக் கந்தோர் வேலையாகப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகும், காணி அலுவல் ஒரு நாளில் முடிகிற அலுவல் இல்லை. கிளிநொச்சி நல்ல ஊர்தான், வைத்தியசாலையும் பாடசாலைகளும் பட்டணத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் உங்களுக்கு அங்கே உறவும் இல்லை, காணியும் இல்லை, அது வேறு மாவட்டமும் கூட.

மாங்குளத்தை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம் அது. ஒட்டுசுட்டான் அந்த முல்லைத்தீவு வீதியில் ஏறக்குறைய பாதி வழியில் வருகிறது. ரயில் நிலையமும் ஆதார வைத்தியசாலையும் சந்தியிலேயே. எல்லாவற்றையும் விட, மாங்குளம் ஒட்டுசுட்டான் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் குடும்ப அட்டை, வாக்காளர் பதிவு, அஸ்வெசும (அரசாங்க உதவிப் பணம்) விண்ணப்பம் என்று எதைச் செய்தாலும், காணிக் கோவை இருக்கிற அதே கந்தோரில் உங்கள் பெயர் பதிவாகிக்கொண்டே போகும். நாளைக்கு "இவர்கள் இந்தப் பிரிவில் இல்லாதவர்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் கணவர் விடிய பஸ் ஏறி வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ வேலைக்குப் போய் இரவைக்குத் திரும்பலாம். ஒட்டுசுட்டானின் உட்கிராமத்திலிருந்து அது முடியாது. இருட்டினால் யானை நடமாட்டம் உள்ள வீதிகள் அங்கே இருக்கின்றன, ரியூசன் முடிந்து வரும் பெண்பிள்ளையை அந்த வழியில் தனியே விட எனக்கு மனம் வராது. மாங்குளத்தின் குறை, ஊர் சிறிது, வாடகை வீடு தேட வேண்டிவரும், கடையில் விலை கொஞ்சம் கூட. மகளின் உயர்தரத்துக்கு அங்கே ஆசிரியர் போதாது என்று தெரியவந்தால், அந்த நேரம் கிளிநொச்சியையோ வவுனியாவையோ யோசிக்க உங்களுக்கு மூன்று வருடம் இருக்கிறது.

வருகிற மாதமும் முக்கியம். தை அல்லது மாசியில் வாருங்கள். கல்வியாண்டு வழமையாகத் தையில் தொடங்கும், கொரோனாவுக்குப் பிறகு திகதி தள்ளிப்போன வருடங்கள் உண்டு, அதை மட்டும் விசாரியுங்கள். மழை விட்டு வீதி காய்ந்திருக்கும். சித்திரை வருடப்பிறப்பு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், கல்யாண மாதங்கள் என்று வீட்டுக்கு வர்ணம் பூசுகிற காலமும் அதுதான். ஐப்பசியில் வந்து இறங்கினால் மூன்று மாதம் வெளிச்சுவர் வேலை இல்லாமல் சேமிப்பைத் தின்றுகொண்டு இருப்பீர்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தவர்களைக் கண்டு, எங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். விண்ணப்பியுங்கள், ஆனால் காசு கையில் வரும் வரை கணக்கில் சேர்க்க வேண்டாம். முதல் வருடத்தில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று டொக்ரரிடம் வாய்விட்டுச் சொல்லி மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதனாலேயே இங்குள்ள டொக்ரர்களுக்கு அந்த நினைப்பு உடனே வராமல் போகலாம்.

சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வந்து சேரப் போவது 2009 வரை இங்கேயே நின்று எல்லாவற்றையும் இழந்த சனத்துக்கு நடுவில். உங்கள் முப்பது வருட முகாம் வாழ்க்கையும் லேசானதில்லை. ஆனால் "நீங்கள் தப்பிப் போனவர்கள்தானே" என்று யாராவது சொன்னால் பதிலுக்குப் பதில் நிற்க வேண்டாம். ஒரு செத்தவீடு, ஒரு கோயில் பொங்கல், ஒரு சிரமதானம் என்று போய் நின்றால் ஒரு வருடத்தில் உங்களையும் ஊர்ச்சனமாகவே எண்ணுவார்கள். மகளின் பேச்சுத் தமிழைக் கேட்டு வகுப்பில் சிரிப்பார்கள், வகுப்பாசிரியரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். பிள்ளைகள் நாங்கள் நினைப்பதைவிடக் கெதியாகச் சேர்ந்துவிடுவார்கள். தனிமைப்படப் போவது நீங்களும் மாமியும்தான். ஆகவே வீடு பார்க்கும்போது கூப்பிடு தூரத்தில் இரண்டு மூன்று வீடாவது இருக்கிற இடமாகப் பாருங்கள்.

முதலில் செய்ய வேண்டியது, மாமியிடம் இருக்கிற பழைய பெட்டியைத் தேடிப் பார்ப்பது. பெர்மிட்டோ அதன் போட்டோப் பிரதியோ இருந்தால் அதிலுள்ள இலக்கம், திகதி, பின்னுரித்தாளர் பகுதியில் பெயர் இருக்கிறதா என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். இலக்கத்தை இங்கே பொதுவில் போட வேண்டாம். பின்னுரித்தாளர் பகுதியில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள், அடுத்து எந்த விண்ணப்பம் போட வேண்டும் என்று சொல்கிறேன். பெயரில் தகராறு இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கந்தோருக்குப் போங்கள், வசதி இல்லாதவர்களிடம் அங்கே கட்டணம் வாங்குவதில்லை.